பிளஸ்ஸில் கிடந்த கேமரா

நான் படமெடுக்கப் போன பிளாரன்ஸ் கல்யாணத்தில்தான் கேமரா என் மானத்தை வாங்கியது. கோயில் வாசலில் அவளையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி எடுத்த படங்களில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு வெளிறி, அவளுடைய கவுன் வெறும் வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தது. லேஸும் இல்லை, பூவேலையும் இல்லை. நல்லவேளை, பையில் இன்னொரு கேமரா இருந்தது. மிச்சத்தை அதில் எடுத்து முடித்தேன்.

காலை வாரியது எங்கள் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். நானும் உமாராணியும் கூட்டாக ஸ்டுடியோ வைத்தபோது பழையதாக வாங்கியது. அதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அதனால் படம் எவ்வளவு வெளுத்தாலும் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

"ஏளா விஜிலா, வெளிச்சம் அளக்குற மீட்டர் போச்சு. சென்னைக்கு சர்வீஸுக்கு அனுப்பிருவோம். நீ போட்டு நோண்டாத," என்றாள் உமாராணி. போன வாரம் எட்டயபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு அதை எடுத்துப் போனவள் அவள்தான். அங்கேயே தகராறு பண்ணியதாம்.

நோண்டாதே என்றால் எனக்குக் கை அரிக்கும். ஸ்டுடியோவின் பின்சுவர் வெள்ளையடிக்காத சிமெண்டு. வெளிச்சம் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பேட்டரியை மாற்றினேன், ஐஎஸ்ஓவைப் பார்த்தேன், வேறு லென்ஸ் போட்டேன். கேமராவே வெளிச்சத்தைக் கணக்குப் போடும் ஆட்டோவில் எடுத்தால் சுவர் சுண்ணாம்பு அடித்ததுபோல வந்தது. கைமீட்டரில் அளந்து, ஷட்டர் வேகத்தை நானே வைத்து எடுத்தால் சிமெண்டு சிமெண்டாகவே வந்தது. ஆக, ஷட்டரும் நல்லது, லென்ஸும் நல்லது. யாரோ ஆட்டோவிடம் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். மெனுவுக்குள் போனேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பிளஸ்ஸில், ஒன்றரைக்கும் மேலே கிடந்தது.

அந்த அளவை நாங்கள் ஒரே இடத்துக்குத்தான் வைப்போம். உப்பளத்தில் எங்கு திரும்பினாலும் வெள்ளை. மீட்டர் மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், உப்பு சாம்பலாக விழும். அதனால் கூட்டி வைத்து எடுப்போம், பாத்தியை விட்டு ஏறும்போது மறக்காமல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவோம். சடங்கு வீட்டில் உப்பா விளைகிறது?

நாங்கள் படமெடுக்கும் உப்பளம் இருந்த வேம்பாருக்கு பஸ் ஏறினேன். அங்கே உப்பு வாரும் செல்லத்தாயக்கா, தன்னைப் படமெடுக்க விடுவதற்கு ஒரு வருஷம் யோசித்தவள். கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ, முகத்தை மட்டும் எடுக்காதே என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. மகள் முருகேஸ்வரிக்குக் கயத்தாற்றில் சம்பந்தம் பேசியிருந்தாள். அந்த வீட்டாரிடம் உப்பு வாருவதை மறைத்து, தான் கடை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். முகம் வராது என்று நானும் உமாராணியும் சேர்ந்துதான் வாக்குக் கொடுத்தோம்.

"படம் கொண்டாந்தியா?" என்றாள் என்னைக் கண்டதும், முகமெல்லாம் சிரிப்பாக.

"எந்தப் படம்க்கா?"

"உமாராணி வந்து எடுத்துட்டுப் போனாளே! முகம் வேண்டாம் தாயின்னேன். வீட்டுல மாட்டி வைக்க விஜிலாதான் எடுத்துட்டு வரச் சொன்னதாச் சொன்னா. நீ சொன்னா சரியாத்தான இருக்கும்? புதுச் சேலை கட்டிட்டு நின்னேன்."

வரப்பில் தள்ளிப்போய் உமாராணிக்குப் போன் போட்டேன். முதலில் எட்டயபுரம் என்றாள். கேமரா பிளஸ்ஸில் கிடந்தது என்றேன். அதற்குமேல் அவள் மறைக்கவில்லை.

"ஒரு உப்புக் கம்பெனில பாக்கெட் மேல போடப் படம் கேட்டாங்க. கையையும் காலையும் போட்டா எவன் வாங்குவான்?"

"அந்தப் படத்தை அழிச்சிரு."

"அச்சடிச்சாச்சு. இந்த வாரம் கடைக்கு வந்துரும். நீ ஒத்துக்கிட மாட்டேன்னுதான் சொல்லல."

பாவி. என் பேரைச் சொல்லியல்லவா அந்த முகத்தைத் திருடியிருக்கிறாள். கூடப் பிறந்தவளாக நினைத்தேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கயத்தாற்றில் எந்தப் பலசரக்குக் கடையில் அதை அடுக்கப்போகிறார்களோ. செல்லத்தாயக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அவள் அதற்குள் என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"படம் சரியா விழலியோ? இதுக்குப் போயி எதுக்குளா அழுத?" உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா எடுத்துக்கோ. இங்கனயே நிக்கேன்."