ஊசிமுனையின் ஒப்புதல்

மனைவி போய் எட்டு மாதம். அவளுடைய போனுக்கு இவன் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான்.

அதில் தையல் மன்றத்தின் செயலி இருந்தது. துணி தைப்பவர்கள் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இடம். அங்கே அவள் பெயர் ஊசிமுனை. புதியவர்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மட்டுறுத்துனர் அவள்தான். யார் எதை எழுதினாலும் போன் 'டிங்' என்று சொல்லிவிடும். அந்த விஷயத்தில் செயலியைக் குறை சொல்ல முடியாது. பாதியில் விட்ட பதிலையும் பத்திரமாக வைத்திருந்தது. என்ன, அந்தப் போனுக்குள் மட்டும் வைத்திருந்தது.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது அக்கா என்று ஒரு பெண் கேட்டதற்கான பதில் அது. அந்தப் பெண் மூன்று முறை நினைவூட்டிவிட்டாள். நேற்று நான்காவது: 'பெரிய ஆள் ஆயிட்டீங்க போல.'

அந்த வரி இவனுக்குள் முள்ளாக நின்றது. போனை எடுத்துக்கொண்டு மைத்துனனின் போன் கடைக்குப் போனான்.

"அத்தான், அனுப்பணும்னா முதல்ல அப்டேட் பண்ணுன்னு சொல்லுது."

"பண்ணு."

"பண்ணா எழுதினது போயிடும். பாஸ்வேர்டும் கேக்கும். தெரியுமா?"

"தெரியாது."

"காப்பி பண்ணலாம்னா, அதுக்கும் மசிய மாட்டேங்குது. அக்கா மாதிரியே பிடிவாதம்." சிரிக்க ஆரம்பித்த மைத்துனன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சிரிடா, பரவாயில்ல" என்றான் இவன்.

தன் போனில் அதே செயலியை இறக்கினான். பெயர் கேட்டது. 'ஊசிமுனை வீட்டுக்காரர்' என்று போட்டான். இரண்டு போனையும் அருகருகே வைத்து, பார்த்துப் பார்த்துத் தட்டினான்.

'இது ஊசிமுனை உங்களுக்கு எழுதிவைத்தது. அவர் இப்போது உயிருடன் இல்லை. முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் நூலை அறுக்கும். அப்படியும் அறுந்தால்'

"அந்தரத்துல நிக்குதே அத்தான். மீதிய நீங்க எழுதுங்களேன்."

"எனக்குத் தைக்கத் தெரியாதுடா."

அனுப்பினான். திரையில் வந்தது: 'புதிய உறுப்பினரின் முதல் பதிவு. மட்டுறுத்துனர் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும்.'

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் போல."

மேசையில் இருந்த அவள் போன் 'டிங்' என்றது. ஊசிமுனையின் ஒப்புதலுக்கு ஒரு பதிவு காத்திருக்கிறதாம்.

இருவரும் அதையே பார்த்தார்கள். மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: "இதுக்கு அப்டேட் கேக்கல அத்தான்."

கேட்கவில்லை. அனுமதி, நிராகரி என்று இரண்டு பட்டன்கள்தான். இவன் தன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அனுமதியை அழுத்தினான்.

பதிவு வெளியானது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'ஒப்புதல்: ஊசிமுனை, இப்போது.'

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவன் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் போனின் மேல் மூலையைப் பார்த்தான். பன்னிரண்டு சதவீதம்.

"சார்ஜர் இருக்காடா?"