முப்பத்திரண்டாவது அட்டை

1932இல் மலாயாவில் ரப்பர் விலை படுத்தது. கூலாய் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த செல்லப்பனுக்கும் சீட்டுக் கிழிந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். மனைவி வெள்ளையம்மா பழைய தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். சணலில் கட்டிய அஞ்சலட்டைக் கட்டு ஒன்று விழுந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பொந்தியான் ஊரில் மீன் கடையில் இருந்த அமானுல்லாவின் கையெழுத்து.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அமானுல்லா கடலை வாங்கிய பொட்டலத் தாள் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்தது. நான்கை எடுத்துக்கொள், நான்கை மூன்றால் வகுத்துக் கழி, ஐந்தால் வகுத்துக் கூட்டு, ஏழால் வகுத்துக் கழி, இப்படியே போனால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை நெருங்கலாம், ஆனால் முடிவே கிடையாது என்று போட்டிருந்தது. மலையாளக் கரையில் சில நூறு வருஷம் முன்பே தெரிந்த வழி, பிறகு சீமையிலும் கண்டார்கள் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. முடிவே கிடையாது என்றதும் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. கரை இறங்கிப் பிரியும்போது ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கூட்டுவது செல்லப்பன், கழிப்பது அமானுல்லா, வாரத்துக்கு ஓர் அட்டை.

என்ன சுகமான சனிக்கிழமைகள் அவை! அட்டையில் ஓர் எண், கீழே கடையில் புது மீன் வந்த சேதி, மகன் பிறந்த சேதி. செல்லப்பன் எண் எப்போதும் கொஞ்சம் கூட, அமானுல்லா எண் எப்போதும் கொஞ்சம் குறைய. முப்பது வாரம் உழைத்தும் பள்ளிக்கூடத்தில் படித்த இருபத்திரண்டின் கீழ் ஏழே மேல் என்று தெரிந்து இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அதற்காக யாரும் நிறுத்தவில்லை.

நிறுத்தியது முப்பத்திரண்டாவது அட்டை. அமானுல்லா எழுதியிருந்தது 3.11035. செல்லப்பன் தன் முப்பத்தோராவது எண்ணிலிருந்து கழித்துப் பார்த்தார், 3.10035தான் வந்தது. தோட்டத்திலேயே பிழையில்லாமல் எழுதுகிற கிராணி என்ற மப்பு அவருக்கு. ‘கழிக்கத் தெரியாத ஆளுக்கு இந்த வேலை எதுக்கு பாய்?’ என்று அட்டையிலேயே எழுதிப் போட்டார். உறையில்லாத அட்டை, போஸ்டாபீஸிலிருந்து கடை வாசல் வரை கை மாறினவர்களெல்லாம் படித்திருப்பார்கள். பதில் வரவில்லை. அவரும் வீம்பாக இருந்துவிட்டார்.

இப்போது முப்பதாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா பொழுதுபோக்காகத் தன் பங்கை மறுபடி கூட்டினார். 3.10827, அதோடு நான்கை அறுபத்தொன்றால் வகுத்த 0.06557. வந்தது 3.17384. பழைய நோட்டில் அவர் எழுதியிருந்தது 3.16384. மூன்று போட்டு ஒன்று மீதம் வைத்தவர், அந்த ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறார். 3.17384இலிருந்து கழித்தால் கச்சிதமாக 3.11035.

அமானுல்லா அப்போதே கண்டுபிடித்துவிட்டான். திறந்த அட்டையில் கிராணியின் பிழையை நாலு பேர் பார்க்க எழுதக் கூடாதென்று, சத்தமில்லாமல் திருத்திக் கழித்திருக்கிறான். செல்லப்பனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

“ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்று வெள்ளையம்மா கேட்டாள்.

“பன்னெண்டு வருசமா ஒரு நல்ல மனுசன சும்மா கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

அன்றைக்கே அட்டை போட்டார். உறையில் வைக்கலாமே என்று வெள்ளையம்மா சொன்னதற்கு, திட்டினது திறந்த அட்டையில், மன்னிப்பும் அப்படித்தான் போகணும் என்றுவிட்டார். ‘முப்பத்தொண்ணாவது கூட்டல்ல தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க பாய். நாங்க ஊருக்குப் போறோம்.’ கீழே முப்பத்துமூன்றாவது எண்: 3.17189.

அடுத்த சனிக்கிழமை தபால்காரர் வந்து வெறுங்கையோடு போனார். செல்லப்பன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை கப்பல். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. திங்கள் காலையில் அட்டை வந்தது.

‘3.11219. நீங்க கூட்டினது சரியா இருக்கு கிராணியாரே. ஊர் விலாசம் எழுதுங்க. அடுத்தது உங்க முறை.’

செல்லப்பன் இரண்டு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து, பென்சில் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாமல், கட்டின கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.