ஓடாத ஃப்ரிட்ஜ்

மாமி வீட்டுக் கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து விஜயராணி இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குள் நாலு வீட்டுப் பாத்திரமும் முடிந்தாக வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டி, மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. அவசரத்தில் கை நழுவிய கரண்டி சாக்கடைப் பக்கம் உருண்டது. எடுத்து இரண்டு தரம் கழுவினாள்.

"என்னடி விஜயா, கால்ல வெந்நீரைக் கொட்டிண்டாப்பல பறக்கறே?" மாமி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"காலேஜ்லேர்ந்து வராங்க மாமி. எம் பொண்ணு அறிவுக்கு சீட்டு விஷயமா எங்க வீட்டைப் பாக்கணுமாம்."

"பொண்ணு பாக்க வராப்பலன்னா இருக்கு!" மாமி சிரித்தாள். "போ, பெருமாள் கிருபையில எல்லாம் நன்னா நடக்கும்."

விஜயராணிக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் அறிவுமதிக்கு எட்டாவது படிக்கும்போதே வக்கீல் ஆசை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் வரிசையையே நிறுத்தி வைத்து நியாயம் கேட்கிற வாய் அவளுக்கு. பிளஸ் டூவில் அறுநூறுக்கு நானூற்று எழுபத்தொன்று. துவாக்குடி தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற நவமணி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க மற்றவர்களுக்கு ஐந்நூற்றுப் பத்து வேண்டும். ஏழை வீட்டிலிருந்து முதல் ஆளாகக் காலேஜ் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் 'ஏணி' என்று ஒரு திட்டம். நானூற்றைம்பது இருந்தால் போதும், ஃபீஸ் கிடையாது. அரசாங்க சட்டக் கல்லூரிக்கும் எழுதிப் போட்டிருந்தாள். அந்த கட் ஆஃப் இவள் மார்க்குக்கு எட்டாது.

"இரக்கப்பட்டு மார்க்கைக் குறைக்கிறாங்களாடி?" என்று விஜயராணி முதலில் கேட்டாள்.

"இரக்கம் ஒண்ணும் இல்ல. பரீட்சை அன்னிக்குக்கூட உன்னோட வந்து ரெண்டு வீடு பெருக்கிட்டுப் போய் எழுதினேன். கார்ல ட்யூஷன் போனவனுக்கும் எனக்கும் ஒரே கோடு போட்டா அது என்னம்மா கணக்கு?"

ஏணிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. நிஜமாகவே ஏழை வீடுதானா என்று நேரில் வந்து பார்ப்பார்கள்.

வீடு கொள்ளிடக் கரையை ஒட்டி, பஞ்சக்கரை ரோட்டுப் பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. புருஷன் தங்கையன் சென்ட்ரிங் வேலைக்குக் கோயம்புத்தூர் போய் மாதம் ஒருதரம் வருவான். அந்த அறையில் இருந்ததிலேயே பெரிய சாமான் ஒரு ஃப்ரிட்ஜ். போன தீபாவளிக்கு போனஸுக்குப் பதிலாக மாமி கொடுத்தது. கொண்டுவந்து ஸ்விட்ச் போட்டதும் ஒரே ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது, நின்றதுதான். கம்ப்ரஸர் போய்விட்டது, அதைப் போடுகிற காசுக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் கையை விரித்தான். ஆனாலும் கதவு கச்சிதமாகச் சாத்தும். கொள்ளிடக் கரை எலிகள் மரப்பலகையையே தின்கிற ஜாதி. அதனால் அரிசி, பருப்பு, அறிவுமதியின் புத்தகங்கள், சர்டிபிகேட் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்த விஜயராணி பக்கத்து வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள். தங்கச்சி கல்யாணத்துச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

"எதுக்கும்மா இந்த வேஷம்? நாம இருக்கிறபடி இருந்தாதானே அவங்க பாக்கணும்?"

"அடி போடீ. வீடு தேடி வரவங்களைத் தரையிலயா உக்கார வைப்பே? இல்லாதப்பட்டவங்கன்னா முறை தெரியாதவங்களா?"

பக்கத்துக் கடையில் ஜில்லென்று இரண்டு பன்னீர் சோடாவும் வாங்கி வந்தாள். கடைப் பையிலிருந்து எடுத்து நீட்டினால் மரியாதையாக இருக்காது. ஃப்ரிட்ஜைத் திறந்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணி, பாட்டில்களை வைத்துச் சாத்தினாள். அந்தக் கறுப்புக் கதவைப் பளபளவென்று துடைத்தும் வைத்தாள்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். மாதவன் என்கிற அதிகாரி ஒருவர், டேப்லெட்டும் கையுமாகப் பின்னால் ஒரு பெண். மாதவன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் என்ன வேலை, வாடகையா, கக்கூஸ் பொதுவா என்றெல்லாம் கேட்டார். ஆதார் ஜெராக்ஸ் கேட்டதும் அறிவுமதி கடைக்கு ஓடினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க சார்." விஜயராணி எழுந்துபோய், உள்ளே இருக்கிற அரிசியும் பருப்பும் தெரியாதபடி ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். பாட்டில்களை எடுத்து முந்தானையால் துடைத்து நீட்டினாள். அவளுக்கே பெருமையாக இருந்தது.

"நல்லா ஜில்லுன்னு இருக்கும்மா," என்றார் மாதவன், பாதி குடித்துவிட்டு. அந்தப் பெண் டேப்லெட்டில் எதையோ தட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறிவுமதியின் போனுக்குச் செய்தி வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருப்பதால் ஏணித் திட்டத்துக்குத் தகுதி இல்லை; பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பொதுப் பிரிவு என்றால் ஐந்நூற்றுப் பத்து. அறிவுமதி சுவரோரம் நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"அதுக்குள்ளேர்ந்து சோடாவா எடுத்துக் குடுத்தே? ஐயோ அம்மா!"

விஜயராணி மாதவனைக் கூப்பிடச் சொல்லி, மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"சார், அது ஓடாத ஃப்ரிட்ஜ் சார். செத்த பொணம். அரிசிதான் வெச்சிருக்கோம்."

"அம்மா, நான் ஒண்ணும் பொய் எழுதலை. என் கையால வாங்கிக் குடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு."

"கடையில வாங்கினது சார்!"

"கடையில வாங்கினதை யாராவது ஓடாத ஃப்ரிட்ஜுல வைப்பாங்களா?"

உங்களுக்கு மரியாதை செய்யத்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அறிவுமதி போனை வாங்கினாள்.

"சார், ஒருதடவை வந்து ஸ்விட்ச் போட்டுப் பாத்துடுங்க."

"மறுபடி வீட்டுக்கு வர வழக்கம் இல்லைம்மா. ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஆபீசுல ஆதாரம் குடு. பாக்கலாம்."

மறுநாள் விஜயராணி மாமியிடம் கேட்டாள். ஓடாத ஃப்ரிட்ஜைத்தான் கொடுத்தோம் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமியின் முகம் சுருங்கியது. "நான் குடுக்கறச்சே நன்னா ஓடிண்டிருந்ததே. உழைக்கறவளுக்கு ஃப்ரிட்ஜே குடுத்தேன்னு தெருவெல்லாம் சொல்லியிருக்கேன். இப்போ ஓட்டை உடைசலைத் தலையில கட்டினேன்னு என் வாயாலயே சொல்லணுமா? அதெல்லாம் என்னால முடியாதுடி."

"உங்களுக்குத் தெரியாதா மாமி? கொண்டுபோன அன்னிக்கே வந்து சொன்னேனே."

மாமி உள்ளே போனாள். குழாயடியில் அன்றைக்குப் பாத்திரங்கள் டணார் டணார் என்று விழுந்தன. கிளம்பும்போது வழக்கமாகக் கொடுக்கும் காபியை விஜயராணி தொடவில்லை.

"ஆதாரம்தானே கேட்டார்? கொண்டுபோயிடுவோம்," என்றாள் அறிவுமதி அன்று சாயங்காலம். புத்தகங்களையும் அரிசியையும் எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள்.

அடுத்த சந்தில் இருக்கிற லூர்து, காந்தி மார்க்கெட்டிலிருந்து குட்டியானை வண்டியில் நவமணி ஹாஸ்டலுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறவன். வெள்ளிக்கிழமை காலையில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஃப்ரிட்ஜை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினான். தாயும் மகளும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கோர்ட்டுக்கு முந்தியே உங்க பொண்ணு கேஸை ஆரம்பிச்சிடுச்சு!" என்று லூர்து சிரித்தான். பால்பண்ணை தாண்டும்வரை விஜயராணியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

நவமணியின் கேட்டில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். ஏணியில் பாதி தூரம் ஏறி நின்று ஒரு பெண் பிள்ளை பல் தெரியச் சிரித்தது. செக்யூரிட்டி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காய்கறி சரி. ஃப்ரிட்ஜ் யாருக்கு?"

"ஏணி ஆபீசு மாதவன் சாருக்கு," என்றான் லூர்து.

"சரி, போ. இவங்க யாரு?"

"எங்களுது சார் அது," என்றாள் அறிவுமதி. "மாதவன் சார்தான் கொண்டுவரச் சொன்னாரு."

செக்யூரிட்டி போன் போட்டுப் பார்த்தார். "சார் மீட்டிங்ல இருக்காரு. லிஸ்ட்ல உங்க பேரு இல்லை. ரெண்டு பேரும் இறங்கிக்கிடுங்க."

"அண்ணே, ஃப்ரிட்ஜ் மட்டும் போகலாமா?" என்று கேட்டாள் அறிவுமதி.

"அது பொருளும்மா. தினம் நூறு வண்டி பொருள் வருது. ஆளுங்களுக்குத்தான் பாஸ்." அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. நிழலில் நிற்கச் சொல்லி இடம்கூடக் காட்டினார்.

தடுப்புக் கம்பு உயர்ந்தது, வண்டி உள்ளே போனது. கேட்டுக் கம்பிகளின் வழியாக ஆபீஸ் போர்ட்டிகோ தெரிந்தது. லூர்துவும் இன்னொரு ஆளும் ஃப்ரிட்ஜை இறக்கிச் சுவரோரமாக நிறுத்தினார்கள். யாரும் அதை ஏனென்று கேட்கவில்லை.

லூர்து ஹாஸ்டலில் காயை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். மாதவன் இன்னும் மீட்டிங்கில்தான். விஜயராணி நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். அறிவுமதி மட்டும் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜையே பார்த்தபடி நின்றாள். அவர்களைத் தாண்டிக் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. தடுப்புக் கம்பு ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கியது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறிவுமதியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஃப்ரிட்ஜைப் பாத்தேம்மா," என்றார் மாதவன். "நீங்களே உங்களுதுன்னு கொண்டுவந்து வெச்சிருக்கீங்க. அப்போ வீட்டுல ஃப்ரிட்ஜ் இருந்தது ஊர்ஜிதமாயிடுச்சு."

"ஓடாது சார்! பிளக்கைச் சொருகிப் பாருங்க சார், ஒரு நிமிஷம்!"

"ஓடுதா ஓடலையான்னு எங்க படிவத்துல கேள்வியே இல்லைம்மா. இருக்கா இல்லையா, அவ்வளவுதான். வருத்தப்படாதே. நீ நல்லா பேசுறே, பெரிய ஆளா வருவே."

போன் நின்றது. விஜயராணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "சோடா குடிச்சிட்டுப் போனியே, பாவி! என் புள்ள சீட்டையும் சேத்து குடிச்சிட்டியேடா!"

"சத்தம் போடாதீங்கம்மா," என்று செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"எங்க பொருளையாவது குடுத்துடச் சொல்லுங்கண்ணே," என்றாள் அறிவுமதி.

"உள்ள வந்த பொருள் வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும்மா. சொந்தக்காரங்க ஆபீசுல வந்து கையெழுத்துப் போடணும்." சொல்லிவிட்டு அவரும் ஒரு நிமிஷம் விழித்தார்.

போர்ட்டிகோவில் மூன்று பியூன்கள் வெயிலிலிருந்து வந்து ஒதுங்கினார்கள். ஒருவன் ஃப்ரிட்ஜைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். மற்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டான். மூன்று பேரும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்து, கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, ஜில்லென்று ஆகட்டும் என்று படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.