முப்பத்தேழு அட்டையும் நேரில்

அரிசி வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கு வந்துவிட்டது. வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரையிலுள்ள ஊருக்கு வருவதுதான் பெரும்பாடு. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் ‘பாதை’ என்ற மிதவைப் படகு பழுதாகி இரண்டு மாதம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பத்துக் கிலோ போன மாதமும் அக்கரையில் கிடந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

இந்த முறை வதனி விடுவதாக இல்லை. ஊரின் முப்பத்தேழு அரிசி அட்டைகளையும் திரட்டிக்கொண்டு, புருஷனின் மீன்பிடித் தோணியில் காலையிலேயே போனாள். அரிசி கொடுக்க வந்திருந்த உத்தியோகத்தர் பிரதீஸ் வேலைக்குப் புதியவர். அட்டைக்காரர் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும், நாலு மணிக்கு லொறி போய்விடும் என்று சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் வந்தாத் தருவீங்களா, சேர்?"

"ஓம், வந்தாத் தாறன்."

வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு.

வதனி ஒரே மூச்சில் ஊருக்குத் துடுப்புப் போட்டாள். அரை மணி நேரத்தில் ஒன்பது தோணிகள் புறப்பட்டன. மா பிசைந்துகொண்டிருந்தவள் கையில் மாவோடே ஏறினாள். கால் இயலாத வினாயகமூர்த்தியரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி வைத்தார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வெளியே போகிறாராம். தலைவாரி, வெள்ளைச் சட்டை மாட்டாமல் வர மறுத்துவிட்டார். நடு வாவியில் யாரோ முந்தப் பார்க்க, ஒன்பதும் பந்தயத்தில் இறங்கின. ஒரு குடை பறந்து தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடிக்க இரண்டு தோணிகள் திரும்பி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வதனிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. துடுப்புப் போடவே மறந்துபோனாள்.

பெண்கள் குரவையிட்டபடி கரையேறினார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்த பிரதீஸ், கதிரையில் தோளேறி வந்தவரைப் பார்த்துக் குடிக்க மறந்து நின்றார். வினாயகமூர்த்தியர் தன் முழுப்பெயரையும் சுழித்துச் சுழித்து எழுதி முடிக்கும்வரை லொறியை நிறுத்தி வைத்தவரும் பிரதீஸ்தான்.

திரும்பும்போது பாரத்தில் தோணிகள் விளிம்புவரை தாழ்ந்தன. ஆழமில்லாத இடங்களில் பெண்கள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பிரதீஸும் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு சேர் வாறீங்க?" என்றாள் வதனி.

"நீங்க போற வழிய நானும் பாக்கத்தானே வேணும்."

அடுத்த மாதம் பிரதீஸ் அரிசியை எஞ்சின் தோணியில் ஊர்த்துறைக்கே கொண்டுவந்து இறக்கினார். வதனி ஒப்பமிடக் குனிந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் பெயர் கோட்டைத் தாண்டிக் கோணலாய் ஓடியது.