கோபர் கேஸ் காபி

என் மாமனார் வீட்டில் தொண்ணூற்று மூன்றிலேயே கலர் டிவி இருந்தது, ஃபிரிட்ஜ் இருந்தது, மாடுகளுக்குச் சிமெண்ட் போட்ட கட்டுத்தரை இருந்தது. கக்கூஸ் மட்டும் இல்லை. டவுனுக்குள் கணபதியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எத்தனை ஏக்கர் தோப்பு என்று துருவித் துருவிக் கேட்ட என் அப்பா, இதைக் கேட்கவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் அவர்கள் ஊர்த் தோப்பில் விடியுமுன் ஒதுங்கலாம், இருட்டிய பின் ஒதுங்கலாம். நடுவில் வயிறு கலக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று என் கணவர் கிருபாசங்கரிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, கக்கூஸ் கட்டினாத்தான் கொழந்தையோட வருவேன். இல்லீன்னா நீங்க அங்க வந்து பாத்துட்டுப் போங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாமனார் தம்பிதுரை சம்மதித்தார். ஆனால் தோண்டிய இடமெல்லாம் பாறை. பாறை இல்லாத பக்கம் குடிதண்ணீர்க் கிணறு. அந்தச் சமயம்தான் கட்டுத்தரை ஓரமாக, சாணத்தில் அடுப்பெரிக்கும் கோபர் கேஸ் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அரங்கசாமி, "கக்கூஸ் கொழாயையும் இதுலயே உட்டுருங்க, கேஸும் சேத்தி வரும்" என்றார்.

"சோறாக்கற அடுப்புங்க அது" என்று மாமியார் சாமியாத்தாள் சாமியாடாத குறை. என் கணவர் யாருக்கும் காத்திராமல் குழாயை இணைத்துவிட்டார். அத்தை தனக்கு மட்டும் விறகடுப்பு மூட்டிக்கொண்டார்.

நான் மகளோடு திரும்பி வந்தபோது அடுப்பு நீலமாக எரிந்தது. புகையில்லை, கரியில்லை. தொட்டியில் நொதித்து வெளியேறும் குழம்பு தென்னைக்குப் போனது. பினாயில் ஊற்றினால் தொட்டி கெட்டுவிடும் என்று தண்ணீரும் சீமாறும் கொண்டே கக்கூஸைக் கழுவினேன். எனக்கு அது கோயில் மாதிரி இருந்தது.

பேர் வைக்கிற அன்று சொந்தமெல்லாம் வந்தது. சேதி எப்படியோ முன்னாலேயே போயிருந்தது. நான் காபித் தட்டை நீட்டினால், "வேண்டாம் அம்மணி, இப்பத்தான் குடிச்சோம்" என்றார்கள். காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வந்த மாமனாரின் அக்கா சுப்பாத்தாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "சொந்தபந்தம் கை நனைக்காத ஊட்டுல என்ன இருக்குது? நாளைக்கே கொழாயப் புடுங்கிப்போடலாம்" என்றார். எனக்குத் திரும்பவும் தோப்பு, திரும்பவும் இருட்டு. என் மகளுக்கும் அதே தோப்புதான்.

அப்போது அத்தை வந்து தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். எல்லோரும் பார்க்கக் குடித்தார்.

"நானுந்தான் ஆகாதுன்னு நின்னேனுங்க நங்கையா" என்றார் நாத்தனார் சுப்பாத்தாளைப் பார்த்து. "மழையில மொழங்கால் புடிச்சுக்கிட்டப்ப ஆருக்கும் தெரியாம அந்தக் கக்கூஸுக்குத்தான் போனேன். போறது மட்டும் போவேன், அதுல எரியற நெருப்பு ஆகாதுன்னா எந்த ஊரு நாயமுங்க? இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து இருட்டுக்குக் காத்துக்கிட்டே கெடந்தேன். ஒரு நாளும் வாயத் தொறந்து கேக்கல. இந்தப் புள்ள கேட்டுச்சு."

அத்தையை அதுவரை நான் எதிராளியாகவே நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் காலில் விழலாம் போலிருந்தது. கையில் தட்டு இருந்ததால் விழவில்லை. மாமா குழாயைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சுப்பாத்தாள் பெரியம்மா சமையலறைக்கு வந்து, "அந்த ரூம் எந்தப் பக்கம், அம்மணி?" என்று மெதுவாகக் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தார்.

"வெளியூரு போனா நான் தண்ணியே குடிக்கறதில்ல, கண்ணு. குடிச்சா எங்க போறது?" என்றார். "அந்தக் காபிய ஊத்து. பெரிய டம்ளர்ல ஊத்து."