கேஸ்கேயின் வீட்டை நோக்கி வந்த குழாய்

ஓல்டர்மார் ஊருக்கு மேற்கே, களிமண்ணுக்குள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்ட எரிவாயுக் குழாய், 1966ஆம் ஆண்டு வசந்தத்திலிருந்து ஆண்டுக்கு ஒன்றேகால் மீட்டர் வீதம் கேஸ்கே போல்ஹௌஸின் வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கண்டுகொண்டவை முயல்கள். குழாய்க்கு மேலிருந்த மண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் குளிர்காலத்தில் அவை அங்கே வரிசையாகப் படுத்துத் தூங்கும். ஆண்டுதோறும் அந்த வரிசை கொஞ்சம் கிழக்கே தள்ளி அமைந்தது. அடுத்துக் கண்டுகொண்டவர் எல்ட்யோ மைனார்டி. அவர் குழாய்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஆய்வாளர். ஒவ்வொரு ஏப்ரலிலும் சைக்கிளில் வந்து, இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கிக் குழாயைத் தட்டிப் பார்த்து, அங்கிருந்து பக்கத்து வீடுகள்வரை நாடா பிடித்து அளப்பது அவர் வேலை. குழாயிலிருந்து முப்பது மீட்டருக்குள் மனிதர் வசிக்கும் வீடு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கேஸ்கேயின் வீடு முதல் ஆண்டு நாற்பத்தாறு மீட்டரில் இருந்தது. எழுபதாம் ஆண்டில் நாற்பத்தொன்று. எல்ட்யோ நாடாவை மாற்றினார், கம்பியை மாற்றினார், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் மாற்றினார். கணக்கு மாறவில்லை.

எரிவாயுக் கம்பெனிக்கு எழுதினார். தலைநகர்ப் பக்கத்திலிருந்து ஃபான் ஹீம்ஸ்ட் என்ற பொறியாளர் பளபளக்கும் காலணியோடு வந்து, மூன்று இடங்களில் தோண்டச் சொன்னார். மண் கலைந்த அடையாளமே இல்லை. மேலே விதைத்திருந்த சர்க்கரை பீட்ரூட்டின் வேர்கூட அறுபடவில்லை. குழாய் மட்டும் வீட்டுப் பக்கமாக, சோம்பல் முறிக்கும் பூனையின் முதுகுபோல வளைந்து கிடந்தது, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதைப்போல. ஃபான் ஹீம்ஸ்ட் காலணியில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் சுரண்டினார். “உங்க ஊர்க்காரங்க ஆரம்பத்துலயே தப்பா அளந்திருக்கீங்க. வேற ஒண்ணுமில்ல” என்றார். தோண்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், “ஆமாங்க, நாங்க தப்பா அளந்தது அதுக்கும் தெரிஞ்சுபோச்சு. அதான் திருத்திக்குது” என்றான். அறிக்கையில் அளவைப் பிழை என்று எழுதப்பட்டது. குழாய் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த ஆண்டும் ஒன்றேகால் மீட்டர் நகர்ந்தது.

காரணம் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அந்தக் குழாயை ஒட்டவைத்த வெல்டர்களில் ஒருவர் வுப்பே, கேஸ்கேயின் கணவர். 1965 அக்டோபரில் ஒரு மத்தியானம், மறந்துவிட்டு வந்த திருகுசாவியை எடுக்க வால்வுக் குழிக்குள் தனியாக இறங்கினார். குழியில் எரிவாயு தேங்கியிருந்தது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கண்டெடுத்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணயர்ந்தவர்போல இறந்திருந்தார், சட்டைப் பையில் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காற்றை அளக்காமலும் மேலே ஓர் ஆள் நிற்காமலும் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்ற இருபத்திரண்டாம் விதி அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதியவர் எல்ட்யோ. அலுவலகத்தில் எல்லோரும் அதை எண்ணால் குறிப்பிட, அவர் மட்டும் வுப்பேயின் விதி என்றே சொல்வார். விதிப் புத்தகத்தில் ஒரு சாவு இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கேஸ்கே நெடுநெடுவென்று வளர்ந்தவள், கோழி வளர்த்தாள், யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். ஊர் முழுக்க எரிவாயு அடுப்புக்கு மாறியபோது அவள் வீட்டு அடுப்பு மட்டும் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியிலேயே எரிந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு ஏப்ரலில் அளவு முப்பத்தொரு மீட்டராக இருந்தது. எல்ட்யோ சமையலறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் காப்பி ஊற்றினாள்.

“போல்ஹௌஸ் அம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க அவருகிட்ட பேசுறதுண்டா?”

“கோழிக்குத் தீனி போடும்போது பேசுவேன்.”

“கொஞ்சம் நிதானமா வரச் சொல்லுங்களேன். வளைவு கூடிக்கிட்டே போகுது. ஒட்டு தாங்காது.”

கேஸ்கே கோப்பையை வைத்தாள். “பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் மைனார்டி. ஒரு தடவையாவது நான் சொல்லி அந்த மனுஷன் நிதானமா நடந்திருக்காரா?”

“அவரு போட்ட ஒட்டுதான். உடைஞ்சா நீங்க மட்டுமில்ல, பள்ளிக்கூடத் தெரு வரைக்கும் போயிடும்.”

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, “சொல்லிப் பாக்குறேன்” என்றாள். சொன்னாள் போலிருக்கிறது. அந்தக் கோடை முழுவதும் குழாய் அசையவில்லை.

ஆனால் அடுத்த பிப்ரவரியில் பெரும்பனி வந்தது. மூன்று நாள் ஓயாத வடகிழக்குக் காற்று; கதவுயரத்துக்குப் பனி குவிந்தது; ராணுவ வண்டிகள்தான் ரொட்டி கொண்டுவந்தன. கேஸ்கேயிடம் கரிமண் கட்டி தீர்ந்துபோயிற்று. அவள் குளிரில் கிடந்த மூன்றே நாளில் குழாய் ஓராண்டுத் தொலைவைக் கடந்தது. பனி ஓய்ந்த காலையில் வயலின் வெள்ளைக்கு நடுவே, பனியே தங்காத கறுப்புக் கோடு ஒன்று, எல்லோரும் பார்க்கும்படி அவள் வீட்டை நோக்கி வளைந்திருந்தது. எல்ட்யோ இடுப்பளவு பனியில் நடந்துவந்து அளந்தார். இருபத்தொன்பது மீட்டர், எழுபத்தைந்து சென்டிமீட்டர்.

ஃபான் ஹீம்ஸ்ட் தொலைபேசியில், அழுத்தமானிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, வீட்டைக் காலி செய்துவிட்டால் விதி நிறைவேறிவிடும் என்றார். நகரத்தலைவர் ரிட்செமாவே கேஸ்கேயிடம் போய்க் கேட்டார். “பதிமூணு வருஷமா வந்துக்கிட்டிருக்காரு. வாசலுக்கு வர்ற நேரத்துல நான் எழுந்து போனா நல்லாவா இருக்கும்?” என்றாள் அவள். ரிட்செமா திரும்பிவந்து எல்ட்யோவைப் பிடித்துக்கொண்டார்.

“பதினோரு ஊரு இந்தக் குழாயிலதான் குளிர்காயுது. நீ அடைச்சேன்னா கிழவன் கிழவியெல்லாம் விறைச்சே செத்துருவாங்க. ஒரு பொம்பளைக்காகவா?”

“விதி அப்படி.”

“விதியில வீடு பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுதானே இருக்கு? வீட்டைத் தூக்கு.”

“வீடு நூறு வருஷமா அங்கயேதான் இருக்கு. யாரு நகர்ந்தாங்களோ அவங்கதான் நிக்கணும்.”

அன்றே ஆணைத்தாளில் கையெழுத்துப் போட்டார். வால்வு அடைக்கப்பட்டது. ஓல்டர்மார் மக்கள் தேவாலயத்தில் வைக்கோல் பரப்பி, பசுக்களையும் உள்ளே ஓட்டிவந்து அவற்றின் மூச்சுக்காற்றில் ஒன்பது நாள் வாழ்ந்தார்கள். பெரிய பாத்திரத்தில் பட்டாணிக் கஞ்சி கொதித்துக்கொண்டே இருந்தது. எல்ட்யோ உள்ளே நுழைந்து அந்த ஊர் வழக்கப்படி “மோய்” என்று வணக்கம் சொன்னால், ஊரார் ஒருவரும் பதிலுக்கு “மோய்” சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், “உங்க விதிப் புத்தகம் தடிமனா இருக்குமே, எடுத்துட்டு வாங்க, அடுப்புல போட்டா ஒரு மணி நேரம் எரியும்” என்றார். எல்ட்யோ மூலையில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார்.

நான்காம் நாள் வளைந்த பகுதியில் இருநூறு மீட்டரை அறுத்து, இரு முனைகளையும் மூடினார்கள். நடு ஒட்டில் ஒரு விரிசல் இருந்தது, விரல் நீளம், தலைமயிர்ப் பருமன். ஃபான் ஹீம்ஸ்ட் கையுறையைக் கழற்றி அதைத் தடவிப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும், என்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டார். அன்று பகல் சாப்பாட்டின்போது எல்ட்யோவுக்கு முதல் அகப்பை கஞ்சியை ரிட்செமாவின் மனைவி ஊற்றினாள். ஊருக்கு அப்பால், மேற்கே நானூறு மீட்டர் தள்ளி, புதுக்குழாய் போடப்பட்டது. அதைப் போட்டவர்கள் எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். அந்தக் குழாய் இன்றுவரை அசைந்ததில்லை.

அறுக்கப்பட்ட துண்டு, அழுத்தம் நீங்கிக் கனம் குறைந்ததாலோ என்னவோ, மீதித் தூரத்தை ஐந்தே நாளில் கடந்தது. ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குச் சமையலறைத் தரைக்கு அடியில் ஏதோ இடித்துக்கொண்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. கேஸ்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “காலைத் துடைச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு கிழங்கை எடுத்து உரித்தாள். அதன்பின் அவள் கரிமண் கட்டி வாங்கவில்லை. குழாய்க்குள் எரிவாயு இல்லை, வேறு எதுவும் இல்லை. ஆனாலும் தரை வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்து வந்த கடுங்குளிர் காலங்களில் பக்கத்து வீட்டார் நனைந்த காலுறைகளை அங்கே கொண்டுவந்து காயவைத்தார்கள்.

பயன்பாட்டில் இல்லாத குழாய்களையும் ஆண்டுக்கொருமுறை பார்வையிட வேண்டும் என்று விதி சொல்கிறது. எல்ட்யோ ஓய்வுபெற்ற பின் அந்த வேலைக்கு வந்தவள் ஹில்யே டூர்ன்போஸ், கணக்கில் கறாரானவள். முதல் ஏப்ரலில் கேஸ்கேயின் கதவைத் தட்டி, படிவத்தை விரித்து, இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டாள்.

“ரெண்டு பேர்.”

ஹில்யே சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குனிந்து, விதிப்படி, உள்ளங்கையைத் தரையில் சிறிது நேரம் வைத்திருந்தாள். இருவர் என்று எழுதி, தேதி போட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.