ஏழு பத்துக்கு வந்த தாள்

அலபாமாவில், டாங்கி பழுதுபார்க்கும் ராணுவப் பணிமனையில் லானி இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறான். சீருடை கிடையாது, சிவில் ஊழியன்தான். ஆனாலும் போதைச் சோதனைக்கான குலுக்கலில் பெயர் வந்தால் அன்றைக்கே சிறுநீர் கொடுக்க வேண்டும். போதை தெரிந்தால் வேலை அம்பேல். தானாகவே பணிமனையின் போதை மீட்பு ஆலோசகரிடம் போய் ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லை, சிகிச்சை உண்டு. அதுவும் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பு. கூப்பிட்ட பிறகு காலில் விழுந்தாலும் செல்லாது.

தோள் அறுவைக்குக் கொடுத்த வலி மாத்திரை, மருத்துவர் நிறுத்தி ஒரு வருஷமாகியும் லானியை விடவில்லை. எங்கே வாங்குகிறான் என்று கேட்காதீர்கள், நல்ல இடமில்லை. இது தெரிந்த ஒரே ஆள் அவனுடைய மேற்பார்வையாளன் வெண்டல். லானியின் கல்யாணத்தில் இவன்தான் மாப்பிள்ளைத் தோழன். சனிக்கிழமை தவறாமல் ஒரே படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள்.

செவ்வாய் காலை ஏழரைக்கு லானி மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்து நின்றான்.

"வெண்டல், இன்னைக்குப் போய்ச் சொல்லிடறேன்டா. இனி தாங்காது. ஆலோசகரம்மா வந்துட்டாங்க, காரைப் பாத்தேன்."

வெண்டல் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "போடா, யாரு வேணாங்கறா? அந்த மூணாம் நம்பர் டாங்கியோட பீரங்கித் தலையை மட்டும் எறக்கி வச்சிட்டுப் போ. அரை மணில அந்தம்மா எங்க ஓடிடப் போறாங்க?"

நண்பன் சொல்கிறானே என்று லானி கிரேனில் ஏறினான். மயிரிழை பிசகாமல் இறக்கினான். கீழே வந்தால், வெண்டல் கையில் தாளோடு நின்றிருந்தான்.

"குலுக்கல்ல உன் பேரு வந்திருக்கு. கையெழுத்துப் போடு."

லானி தாளை வாங்கினான். பேனாவை வாங்கும்போது மேல் வரி கண்ணில் பட்டது. மேற்பார்வையாளருக்குத் தகவல் வந்த நேரம் 7.10. வெண்டலின் கோணல் எழுத்து. ஊழியரிடம் சொன்ன நேரம் 8.05.

"ஏழு பத்துக்கே உனக்குத் தெரியுமா?"

"முன்கூட்டிச் சொல்லக் கூடாதுடா. விதி."

"சொல்லவாடா சொன்னேன்? போன்னு விட்டிருக்கலாமே, பாவி! நான்தான் கெளம்பி நின்னேனே!"

"லிஸ்ட் வந்த கையோட நீ போய் நின்னா, யாரு துப்புக் குடுத்தான்னு என்னைத்தான் கேப்பாங்க. எட்டு மாசமா தெரிஞ்சே உன்னை கிரேன்ல ஏத்தினதும் வெளிய வரும். எனக்கும் பிள்ளைங்க இருக்குடா லானி."

எட்டு மாசமும் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது நட்பால் என்று லானி நம்பியிருந்தான். அதை நினைத்துத்தான் அவனுக்கு வயிறெரிந்தது. கையெழுத்துப் போட்டான், தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சோதனை அறைக்கு வெண்டல்தான் கூட்டிப் போக வேண்டும், அதுவும் விதி. வழியில் ஆலோசகரின் கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன லானி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஏழரைக்கே உங்ககிட்ட வரணும்னு இருந்தேம்மா. என் தோழன் நிக்க வச்சிட்டான்."

"எந்தத் தோழன்?"

வெண்டல் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். லானி அதை உதறிவிட்டு, 7.10 என்ற வரியில் விரலை வைத்துத் தாளை அந்த அம்மாளிடம் நீட்டினான்.